ஜோடிக் கையெழுத்து

கண் சொட்டு மருந்து நிரப்பும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பட்டம் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறாள். பெண்கள் உடை மாற்றும் அறை அவள் பொறுப்பு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி, எப்போதிலிருந்து என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். "உனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி முடி கொட்டிப்போச்சு" என்பார் வீட்டுக்காரர். மீதிப் பாதி எப்படிக் கொட்டியது என்று அதற்கும் கேட்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அலைந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தட்டு ஏன் பூக்கிறது?

தட்டு பூப்பது என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை. மருந்து நிரப்பும் கூடத்துக்குள் ஒரு கிருமிகூடப் போகக் கூடாது. அதனால் உள்ளே வேலை செய்கிறவர்கள் வீட்டு உடையைக் களைந்துவிட்டு நீல உள்ளுடுப்பு போடுவார்கள். அதற்கு மேல் தலையுறை, முகமூடி, கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, கையுறை. கண்ணுக்கு மட்டும் கடைசியில், கூடத்தின் வாசலில்தான் கண்ணாடி. எல்லாம் போட்டு முடித்ததும் கையுறை விரல்களை ஒரு சின்ன வட்டத் தட்டில் ஜெல்லி மேல் அழுத்த வேண்டும். அந்தத் தட்டை மூன்று நாள் கதகதப்பில் வைத்திருப்பார்கள். விரலில் கிருமி இருந்தால் ஜெல்லியில் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். அதைத்தான் பெண்கள் பூத்துவிட்டது என்பார்கள். புதியவர்களுக்கு மூன்று சோதனை. மூன்றும் பூத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தப் பெண்ணுக்கு இரண்டு பூத்துவிட்டன. மூன்றாவது வருகிற திங்கட்கிழமை.

இந்தப் பெண் ஒரு திருநங்கை. ஆகவே அவள் வருவதற்கு முன்பே அவளைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. உடை மாற்றும் அறையில் முப்பத்திரண்டு பெண்கள், முப்பத்திரண்டு அபிப்பிராயம். வரட்டுமே, அதனால் என்ன என்றார்கள் சிலர். நாம் துணி மாற்றும் இடத்தில் எப்படி என்றார்கள் சிலர். பலருக்கு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் ஆர்வம். மேலாளர் நல்ல மனிதர், அதாவது யார் முகமும் கோணக் கூடாது என்று நினைக்கிறவர். ஆண்கள் பக்கம் அவளை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை, பெண்கள் பக்கம் அனுப்பத் தைரியம் வரவில்லை. நடைபாதைக் கோடியில் இருந்த பழைய சாமான் அறையைக் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடி மாட்டி, கருணையோடு ஒரு மின்விசிறியும் போட்டுக் கொடுத்தார். அங்கி போடும் இடத்தில் மின்விசிறி சுற்றினால் தூசி பறக்கும் என்பதுகூட அந்தக் கருணையில் அவருக்கு மறந்துபோனது. நல்ல வேளையாக அவள் அதன் பொத்தானையே தொடவில்லை.

இரண்டாவது தட்டும் பூத்த அன்று சாப்பாட்டு நேரத்தில், "அவங்களுக்கெல்லாம் சுத்தம் வராதுப்பா" என்று யாரோ சொன்னார்கள். கேள்விக்குறிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பெண்மேல் பாசம் பொங்கியதால் அல்ல; அது பதிலே இல்லை என்பதால்தான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய், புதுசு தனியாக உட்கார்ந்திருந்த மேசையில் உட்கார்ந்தாள். எல்லோரும் அந்தப் பெண்ணைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். சாப்பிடும்போதுகூட முழங்கையை மேசையில் ஊன்றாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"முடி சொந்த முடியா?" என்றாள் கேள்விக்குறி. கேட்க வந்தது அதுவல்ல. வாய் முந்திக்கொண்டது.

"சொந்த முடிதான்க்கா. இழுத்துப் பாக்குறீங்களா?"

"வீடு எங்க? யார் யார் இருக்காங்க? முன்னாடி என்ன வேலை?"

"தையல் கடையில இருந்தேன். இப்ப எங்க அக்கா வீட்டு மாடி ரூம்ல இருக்கேன். போதுமாக்கா? இன்டர்வியூல கூட இவ்வளவு கேக்கல."

கேள்விக்குறி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் கேள்விக்குறியா? இன்னொன்று கேட்டாள். அது என்ன கேள்வி என்று இங்கே எழுதாமல் இருப்பதே அவளுக்கு மரியாதை.

புதுசு சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "அது டாக்டர் கேக்குற கேள்விக்கா. நீங்க டாக்டரா?"

கேள்விக்குறிக்குக் காதுமடல் சுட்டது. இத்தனை வருடத்தில் அவள் கேள்விக்கு யாரும் அப்படித் தாழ்ப்பாள் போட்டதில்லை. "தப்புத்தான். மன்னிச்சிடு. நான் கேக்க வந்தது வேற. நீ எப்படி அங்கி போடுறே? ஒண்ணுவிடாம சொல்லு."

புதுசு சொன்னாள். கை கழுவும் நேரம், உறையைப் பிரிக்கும் விதம், எந்தக் காலை முதலில் நுழைப்பது, எல்லாம் பாடப் புத்தகம் மாதிரி வந்தது. ஒரு பிசகு இல்லை.

"அப்புறம் யார் பார்ப்பாங்க?"

"மேலாளர் சார் கையெழுத்துப் போடுவார்."

"உள்ள வந்து பார்ப்பாரா?"

"அய்யோ, பொம்பளைங்க துணி மாத்துற இடத்துக்கு அவர் எப்படி வருவார்? கதவுக்கு வெளிய நின்னே போட்டுடுவார்." புதுசு லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "திங்கக்கிழமையும் பூத்துடுச்சுன்னா மாடி ரூமும் போயிடும்க்கா. மாமா வாயத் திறந்து சொல்லல. ஆனா வேலைக்குப் போற வரைக்கும்தான்னு அவர் முகத்துல இருக்கு."

கேள்விக்குறி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் அறையில் யாரும் தனியாக அங்கி போடுவதில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி உண்டு. போட்டு முடித்ததும் ஜோடி தலை முதல் கால் வரை சுற்றிப் பார்த்து, தாளில் 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவாள். தட்டு பூத்தால் போட்டவளும் பார்த்தவளும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அதனால் அங்கே ஜோடி என்பது புருஷன் பெண்டாட்டி உறவைவிடக் கொஞ்சம் கெட்டி. கேள்விக்குறிக்குப் பதினோரு வருடமாக ஒரே ஜோடி, குண்டூசி. ஒல்லியான உருவம், கூர்மையான வாய், அதைவிடக் கூர்மையான கண். கேள்விக்குறி லீவு போட்ட நாட்களில் வேறு பெண்களுக்கும் பார்த்திருக்கிறாள்; குண்டூசி கையெழுத்துப் போட்ட எவளுடைய தட்டும் இதுவரை பூத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கேள்விக்குறி ஒரு காரியம் செய்தாள். தன் அங்கி உறையைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தனியாகவே போட்டாள். பத்தொன்பது வருடப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஆனால் தலையுறையின் பின்மடிப்பை அங்கியின் கழுத்துக்குள் செருகும் இடம் வந்ததும் கை நின்றது. அது பிடரியில் இருக்கிறது. கண்ணாடியில் முகம்தான் தெரிகிறது, பிடரி தெரியவில்லை. பெண்கள் அறையில் இந்த இடத்தில் ஜோடியின் கை தானாக வந்து செருகிவிடும். அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றியதில்லை. இங்கே அவள் கையை வளைத்து, தடவித் தடவிப் பார்த்து, தானே செருகினாள். செருகும்போது விரல் முடியில் பட்டதா, கழுத்தில் பட்டதா, அவளுக்கே தெரியவில்லை.

அதே விரல்களைத் தட்டில் அழுத்தினாள். "உங்களுக்கு எதுக்கு இப்ப சோதனை?" என்றார் மேலாளர். "சும்மா, தெரிஞ்சுக்கத்தான்" என்றாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் இதையே கணக்குப் போட்டாள். பூக்காமல் இருந்தால் புதுசுக்கு வழியில்லை. பூத்துவிட்டால் ஒரு புள்ளிகூட இல்லாத தன் பத்தொன்பது வருடம் போய்விடும். எது நடக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தட்டு வந்தது. ஐந்து புள்ளிகள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதே நேரம் அப்படி ஒரு சந்தோஷம், தட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"அந்த ரூம்ல நீங்க போட்டாலும் பூக்கும் சார். யார் போட்டாலும் பூக்கும். பின்னாடி பார்க்க ஒரு ஆள் வேணும்."

மேலாளர் தட்டையே வெகுநேரம் பார்த்தார். "சரிம்மா. அப்ப சாமான் ரூம் வேண்டாம். உங்கள்ல யாராவது ஒருத்தர் அந்தப் பொண்ணுக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுறதா சொல்லுங்க, உங்க ரூமுக்கு வரட்டும். ஒருத்தரும் போடலைன்னா நான் என்ன பண்ணட்டும்? அனுப்பித்தான் ஆகணும்." பாரத்தை இறக்கி வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

கேள்விக்குறி தானே போடத் தயார்தான். ஆனால் ஒருத்தி ஒரு நாளில் ஒருத்திக்குத்தான் பார்க்கலாம்; அவள் ஏற்கெனவே குண்டூசிக்கு ஜோடி. சாயங்காலம் எல்லோரும் போனபிறகு குண்டூசியை நிறுத்தி விஷயத்தைச் சொல்லி, புதுசையும் தங்களோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"முடியாது" என்றாள் குண்டூசி.

"ஏன்?"

"எல்லாத்துக்கும் ஏன் ஏன்னா?"

"இல்லடி, நிஜமாத்தான் கேக்குறேன். அவ மேல என்ன கோபம்?"

"கோபம்லாம் ஒண்ணும் இல்ல." குண்டூசி பெஞ்சில் உட்கார்ந்தாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு மில்லுல இருந்தேன்ல. அங்க துணி மாத்துற ரூம் சுவத்துல ஓட்டை போட்டு வச்சிருந்தான் ஒருத்தன். ரெண்டு மாசம் பார்த்திருக்கான். யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. தினமும் கூட வேலை பார்த்தவங்கள்ல எவனோ ஒருத்தன். அதுக்கப்புறம் இந்த ரூம்தான் எனக்கு மூச்சு விடுற இடம். புதுசு நல்ல பொண்ணுதான், அது எனக்குத் தெரியுது. அவ குரல் கேட்டா என் உடம்புக்குத் தெரிய மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

பதினோரு வருடம். தினமும் ஆறு மணிக்கே, யாரும் வருவதற்கு முன்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் குண்டூசி உடை மாற்றுவாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கேள்வி கேட்டுக் குடைந்தவளுக்கு, ஏன்டி சுவரைப் பார்க்கிறே என்று இவளை மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை. கேள்விக்குறிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து குண்டூசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை புதுசிடம், மேலாளர் போட்ட நிபந்தனையையும் மில்லில் நடந்த கதையையும் மறைக்காமல் சொன்னாள். யார் கதை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"துணி மாத்தும்போது யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயந்து பயந்துதான்க்கா நானும் வளர்ந்தேன். உங்க முன்னாடியெல்லாம் துணி மாத்தணும்னு நான் எப்பக் கேட்டேன்? எனக்கே கூச்சம் உயிரை வாங்கும். நீல உடுப்பை அந்த ரூம்லயே போட்டுக்கிட்டு வரேன். என் முதுகுப் பக்கம் பார்க்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"என்னைக்கும் அப்படியே இருந்துடுவியா?"

"அது தெரியாதுக்கா. திங்கக்கிழமை இருந்தா போதும், செவ்வாய்க்கிழமையைப் பத்தி அப்புறம் யோசிப்பேன்."

கேள்விக்குறி அதை அப்படியே குண்டூசியிடம் போய்ச் சொன்னாள். குண்டூசி கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். இதற்கிடையில் நான்கு பெண்கள் மேலாளரிடம் மனுக் கொடுத்தார்கள். இன்றைக்கு அங்கி, நாளைக்கு என்ன என்று அதில் கேட்டிருந்தார்கள். கேள்விக்குறி படித்துப் பார்த்தாள். நியாயமான கேள்விதான். மனு இன்னும் அவர் மேசையில் கிடக்கிறது.

திங்கட்கிழமை ஆறரைக்கு, எல்லோரும் வெள்ளை அங்கியில் நிற்கும்போது கதவு தட்டப்பட்டது. தட்டிவிட்டு நீல உடுப்பில் புதுசு வெளியிலேயே நின்றாள். மனுக் கொடுத்த நால்வரும் கூடத்தின் வாசல் பக்கம் போய்விட்டார்கள். கேள்விக்குறி, "உள்ள வா" என்றாள்.

புதுசு சுவரோரமாக நின்று அங்கி போட்டாள். கேள்விக்குறி அவளை நோக்கி ஒரு அடி வைத்தாள்.

"நில்லு" என்றது குண்டூசியின் குரல். "நீ பார்த்தா விட்டுக்கொடுத்துடுவே. பாசம் வந்துடுச்சு உனக்கு. தாள்ல, பார்த்தவர்னுதான் போட்டிருக்கு, ஜோடின்னு எங்கயும் போடல. நீ எனக்குப் பாரு. அவ உனக்குப் பார்க்கட்டும். அவளை நான் பார்க்குறேன்." பிறகு புதுசைப் பார்த்து, "நீ என்னைத் தொட வேண்டாம். நான்தான் தொடுவேன். சரியா?" என்றாள்.

புதுசு தலையாட்டினாள்.

குண்டூசி அவளைச் சுற்றி வந்தாள். மெதுவாக, ஒரு தையல் விடாமல் பார்த்தாள். "இது என்ன, இடது கை மடிப்பு? கழட்டு. முதல்ல இருந்து போடு."

புதுசு கழற்றினாள். புது உறை பிரித்து மறுபடி போட்டாள். குண்டூசி மறுபடி சுற்றி வந்தாள். "பட்டி முறுக்கிக்கிட்டு இருக்கு. கழட்டு." பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, "போதும் விடுடி, பாவம்" என்றாள். "பாவம்னு விட்டா அவ தட்டுதான் பூக்கும். உன்னையும் சேர்ந்த புதுசுல மூணு தடவை கழட்ட வச்சேன், மறந்துட்டியா?" என்றாள் குண்டூசி.

மூன்றாவது முறை குண்டூசி பின்னால் போய் நின்றாள். அங்கே கொஞ்சம் தயங்கினாள். அவள் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் கேட்டது. பிறகு கையை நீட்டி, தலையுறையின் மடிப்பை அங்கியின் கழுத்துக்குள் செருகி, ஒரு தடவு தடவிச் சரிசெய்தாள். பிடரியில் அந்தக் கை பட்டதும் புதுசின் தோள் ஒருமுறை குலுங்கியது. குண்டூசி தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். முன்னால் வந்து பார்த்தாள். புதுசின் கண் நிறைந்து, தண்ணீர் முகமூடியின் விளிம்பு வரை வந்திருந்தது. புதுசின் கை தன்னை அறியாமல் முகத்தை நோக்கி உயர்ந்தது.

"கையை இறக்கு" என்று அதட்டினாள் குண்டூசி. "நான் கையெழுத்துப் போட்ட கை அது. கண்ணைத் தொட்டே, தொலைச்சிடுவேன்."

ஒரு சுத்தமான துணியை எடுத்து அவளே ஒற்றிவிட்டாள்.