ஓடும் கூட்டத்துக்கு எதிரே ஒரு கட்டடம்

எங்கள் குடும்பத்தில் பெரிய முடிவுகள் எல்லாம் ரயிலில்தான் எடுக்கப்படும். நானும் என் வீட்டுக்காரர் ஃப்ரெடியும் சேர்ந்தாற்போல் விழித்திருந்து பேசுகிற இடம் அது ஒன்றுதான். கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடியும் முன்னே ஏறி, பெங்களூரில் ஆளுக்கொரு திசையில் இறங்கி, இருட்டிய பிறகு அதே பெட்டியில் திரும்பி வருகிற பெருங்கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர். எங்கள் மகளுக்கு எலைன் என்று பேர் வைத்தது ரயிலில். என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை முடிவானது ரயிலில். கட்டடம் வாங்கி எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதும் ரயிலில்தான்.

ஆரம்பித்து வைத்தவர் ஹரோல்ட். எங்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவருக்கு எழுதி வைத்தது. ஏதோ ஒரு கம்பெனியில் வேலை என்று பேர்; செல்போனில் முதலீட்டு வீடியோ பார்ப்பதுதான் அவருடைய உண்மையான உத்தியோகம்.

“வீடு வாங்கினா இன்னா வரும் ஃப்ரெடி? வாடகைக்கு வர்றவன் செவுத்துல ஆணி அடிச்சிட்டுப் பூடுவான். கமர்ஷியல் வாங்கு. கடைக்காரன் அவனே பெயின்ட் அடிச்சிக்குவான், அவனே ஷட்டர் ரிப்பேர் பண்ணிக்குவான். வருஷா வருஷம் வாடகை ஏறும். இருவது வருஷம் கைய வெக்காம உட்டுட்டா உம் பொண்ணு ராணியாட்டம் இருப்பா.”

“அப்ப நீங்க எத்தினி கட்டடம் வாங்கினீங்க அண்ணே?” என்று நான் கேட்டேன். எதிர் சீட்டில் ராத்திரி சமையலுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஜெனிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். ஹரோல்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஹரோல்ட் சொன்னதை ஃப்ரெடி காதில் போட்டுக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தாத்தா தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர், அப்பா கிளாரன்ஸும் இறங்கியவர். எல்லோரும் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில். சுரங்கத்தை மூடியபோது கிளாரன்ஸ் மாமா பேரில் ஒரு செங்கல்கூட இல்லை. அவர் வெட்டி மேலே அனுப்பிய தங்கம் யார் யார் கழுத்திலோ போய்விட்டது. “எம் பொண்ணுக்காவது அவ பேர்ல ஒரு செவுரு இருக்கணும் கரோ” என்று ஃப்ரெடி சொன்னபோது எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. இல்லாவிட்டால் என் நகையைக் கொடுத்திருப்பேனா? லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருப்பேனா?

கட்டடம் ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது. கீழே மூன்று கடைகள், மேலே ஒரு பெரிய ஹால். சுரங்கக் கம்பெனி நிலம் இல்லை, நகராட்சியில் சொத்துப் பதிவு, அதுதான் காத்தா, சுத்தமாக இருந்தது, கோலார் வக்கீலும் பத்திரங்களைப் பார்த்துச் சரி என்றார். இடத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் போகும்போது பார்த்தால் ரோடு நிறைய ஜனம். இரவு இறங்கும்போது பார்த்தாலும் ரோடு நிறைய ஜனம். “இவ்ளோ ஜனம் கேஜிஎஃப்ல வேற எங்க கீது, சொல்லு?” என்றார் ஃப்ரெடி. நானும் தலையாட்டினேன்.

முதலில் டைட்டஸ் என்ற பையன் பேக்கரி போட்டான். பக்கத்தில் ஒரு செல்போன் கடை, அதற்கும் பக்கத்தில் ரெடிமேட் துணிக்கடை. வருஷம் திரும்புவதற்குள் மூன்றும் காலி. டைட்டஸ் சாவி கொடுக்க வந்தபோது நான் அவனைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். கடை நடத்தத் துப்பில்லை என்றுகூடச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“கரோலின்கா, காலைல எல்லாம் ட்ரெயின் புடிக்க ஓட்றாங்க. நைட்டு எல்லாம் ஆட்டோ புடிக்க ஓட்றாங்க. நடுவுல நானும் ஈயும்தான். ஒரு பன்னு வாங்க நிக்க மாட்டேன்றாங்க. நீங்க என்னிக்காவது நின்னீங்களா?”

நான் நின்றதில்லை. சொந்தக் கட்டடத்தையே ஓடிக்கொண்டுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் பார்த்து மயங்கிய அந்தக் கூட்டம் வேறு யாருமில்லை, நாங்களேதான். வேலை நாளில் பகலில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று அந்த ரயிலில் போகிற ஒருத்தருக்கும் தெரியாது. வேறு ஊர்க்காரன் யாராவது வாங்க வந்திருந்தால் மத்தியானம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டு ஓடியிருப்பான்.

ஷட்டர்கள் மூடியே கிடந்தன. தவணை மட்டும் தவறாமல் வந்தது. ஃப்ரெடி ரயிலில் ஹரோல்டுக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினார், அப்புறம் சாப்பாட்டைக் குறைத்தார், கடைசியில் ஒருநாள் விற்றுவிடலாம் என்றார். ராபர்ட்சன்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சௌந்தரராஜன், சிமென்ட் மூட்டை அடுக்க கொடவுனாக எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தார். அவர் சொன்ன விலையில் லோன் அடையும், என் நகை திரும்பாது, எலைன் பேரில் எந்தச் சுவரும் இருக்காது. அட்வான்ஸ் வாங்க வேண்டிய நாளில் ஃப்ரெடிக்கு லீவு கிடைக்கவில்லை. வாங்கும்போது மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நின்ற மனுஷன், விற்பதற்கு என்னை அனுப்பினார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

சௌந்தரராஜன் சாயங்காலம்தான் வருவதாக இருந்தது. விற்கப்போகிற இடமானாலும் குப்பையோடு கொடுக்க மனசு வரவில்லை. மத்தியானமே போய் ஒரு ஷட்டரைத் திறந்து பெருக்கினேன். டைட்டஸ் பொய் சொல்லவில்லை. ரோட்டில் குடை பிடித்த ஒரு பென்ஷன்காரரும் இரண்டு ஆடுகளும் போனார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஸ்கூல் வேன்கள் வந்தன. விதவிதமான யூனிஃபார்மில் பிள்ளைகள் இறங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் கழுத்தில் கயிறு, கயிற்றில் வீட்டுச் சாவி. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் கட்டடத்தை நோக்கி வந்து, மூடியிருந்த இரண்டு ஷட்டர்களுக்கு முன்னால் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரொம்ப நாள் பழக்கம் மாதிரி பையைக் கழற்றி, டிபன் பாக்ஸில் மிச்சம் இருந்ததைப் பங்கு போட்டுச் சாப்பிட்டு, நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி எலைன்.

அஞ்சாம் வகுப்பு படிக்கிற என் மகள் தினமும் நாலு மணிக்கு வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் பையில் வைத்திருக்கும் செல்லுக்கு ஆபீஸிலிருந்து போன் பண்ணினால் “வீட்லதான் கீறேன் மம்மி” என்பாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. “மம்மி, ஆபீஸ் போலயா?”

“நீ இன்னாத்துக்கு இங்க உக்காந்துகினு கீறே?”

“வீட்ல யாருமே இல்ல மம்மி. ஃபேன் சத்தம் கேட்டாகூட பயமா கீது.” உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “இங்கன்னா எல்லாரும் இருக்காங்க. ட்ரெயின் சத்தம் கேட்டா எல்லாரும் வீட்டுக்கு ஓடிப் பூடுவோம்.”

நாங்கள் யாரும் ஒருநாளும் அவர்களைப் பார்க்காதது அதனால்தான். அடிக்க ஓங்கிய கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னாலும் அழுதேன். வேறு யார் யார் என்று பார்த்தேன். ஜெனிட்டாவின் மகன் இருந்தான். எங்கள் பெட்டியில் வாசலில் நின்று வருகிற சிவகுமாரின் இரண்டு பெண்களும் இருந்தார்கள். உலகத்துக்கே முதலீடு சொல்லிக் கொடுக்கும் ஹரோல்டின் பேத்தி கடைசிப் படியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

சௌந்தரராஜன் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைத் தாண்டி மேலே ஏறி வந்தார். கையில் அக்ரிமென்ட்டும் அட்வான்ஸ் பணம் வைத்த மஞ்சள் பையும் இருந்தன.

“இதுங்கள மொதல்ல தொரத்தணும் சிஸ்டர். நாளைக்கு லாரி வந்து நிக்கிற எடம்.”

நான் பையைப் பார்த்தேன், படிக்கட்டைப் பார்த்தேன், மேலே பூட்டிக் கிடந்த ஹாலைப் பார்த்தேன். “சார், இன்னிக்கி வேணாம். நான் எங்க வீட்ல ஒரு வார்த்த பேசணும்.”

“அடுத்த வாரம் இந்த ரேட்டு இருக்காது.”

“பரவால்ல சார்.”

அவர் போனதும் ஃப்ரெடிக்கு போன் பண்ணினேன். அவர் கத்தினார். வட்டி யார் கட்டுவது என்றார், உனக்கு இன்னா பைத்தியமா என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எலைன் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதைச் சொன்னேன். இதைக் கேட்டதும் அவர் குரல் இறங்கியது.

“தினமுமா கரோ?”

“தினமும். எனக்கு மூணு மாசம் குடுங்க. அப்பவும் ஆவலன்னா நானே வித்துட்டு வர்றேன்.”

அன்றைக்கே எலைனைக் கூட்டிக்கொண்டு மைசூர் மைன்ஸ் பக்கம் ஞானசுந்தரி டீச்சர் வீட்டுக்குப் போனேன். எங்கள் சபையைச் சேர்ந்தவர். வாடகை வீட்டு முன்னறையில் டியூஷன் எடுத்து, இடம் போதாமல் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஹாலைக் காட்டினேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இரவு ரயில் வரும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள வேண்டும், பாடமும் சொல்லித்தர வேண்டும் என்றேன். டீச்சர் உருகிப்போய் உடனே சரி சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், அப்புறம் பேரம் பேச உட்கார்ந்தார்.

“ஜன்னலுக்கு கிரில், பசங்களுக்கு ரெண்டு பாத்ரூம். இது உன் செலவு கரோலின். வாடகை மொத ஆறு மாசம் பாதி. அப்புறம் முழுசா தர்றேன், வருஷா வருஷம் ஏத்தியும் தர்றேன். ஆனா ஒம்பது வருஷத்துக்கு ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்கணும். நடுவுல எவனாவது கூடக் குடுக்கறான்னு என்ன வெளிய தள்ளக் கூடாது.”

“டீச்சர், எங்களப் பாத்தா அப்படியா தெரியுது?”

“தவண கட்ற எல்லாரும் அப்படித்தாம்மா தெரியறாங்க.”

அடுத்த நாள் ரயிலில் விஷயத்தைச் சொன்னதும் ஜெனிட்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஹரோல்ட் செல்போனை அணைத்துப் பையில் போட்டதை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். பங்காருபேட்டை வருவதற்குள், பிள்ளையைச் சேர்க்க இத்தனை பேர் தயார் என்று டீச்சருக்கு போன் போய்விட்டது.

டீச்சர் கேட்டபடியே ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்து, கிரில்லும் பாத்ரூமும் போட்டு, ஜூனில் ஹாலைத் திறந்தோம். முதல்நாள் இரவு ரயில் வந்து நின்றதும் வழக்கம்போல் எல்லோரும் இறங்கி ஓடினோம். ஓடி, கட்டடத்துக்கு முன்னால் நின்றோம். பிள்ளைகள் வாய்ப்பாட்டை முடித்து, செருப்பைத் தேடி, வரிசையில் இறங்கி வரவேண்டும் அல்லவா? அதுவரை அத்தனை பேரும் நிற்க வேண்டியிருந்தது. நின்றவர்களுக்குப் பசித்தது. இந்தச் செய்தி டைட்டஸுக்கு எப்படித்தான் எட்டியதோ, ஒரே வாரத்தில் வந்து, “கரோலின்கா, அந்த மொதக் கடைக்கு ஆள் வந்துட்டாங்களா?” என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் அட்வான்ஸைத்தான் கேட்டேன். அடுத்த கடையில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்க ஒரு அம்மா வந்தார்கள். மூன்றாவது கடை இன்னும் காலிதான். வருகிற வாடகையும் தவணைக்குக் கொஞ்சம் பற்றாது, மீதியை நாங்கள் சம்பளத்திலிருந்து போடுகிறோம். ஆனால் ஃப்ரெடி மறுபடியும் இரண்டு சப்பாத்தி கேட்டுச் சாப்பிடுகிறார்.

போன வாரம் இரவு, நாங்கள் எலைனுக்காகக் கீழே காத்துக்கொண்டிருந்தபோது சௌந்தரராஜன் போன் பண்ணினார். ரோடு இப்போது சூடு பிடித்துவிட்டது, நீங்கள் வாங்கின விலைக்கு மேலேயே கொடுக்கிறேன், டீச்சரைக் கிளப்புவது என் பொறுப்பு என்றார். நல்ல விலை. லோன் அடையும், நகை திரும்பும், கையில் மிஞ்சவும் செய்யும். ஃப்ரெடி போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மேலே ஹாலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒரே கத்தலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் மிஞ்சிக் கேட்டது எங்கள் மகளின் குரல்தான்.

ஃப்ரெடி போனைக் காதில் வைத்தார்.

“இல்ல சார், குடுக்க முடியாது. எம் பொண்ணு உள்ள படிச்சிக்கினு கீறா.”