மக்காச்சோளச் சாலையில் ஓர் அரைக்கச்சை

சரக்குந்து ஒன்று தடையழுத்தி அலறி நிற்க, பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் நெடுஞ்சாலையின் காலை அமைதி நொடியில் கிழிந்தது. தைத்திங்களின் பனி பருத்திச் செடிகளில் இன்னும் படிந்திருக்க, சிமிட்டி ஆலையின் புகைக்கூண்டுகள் தொலைவானில் சாம்பற்கோடு கீறியிருக்க, சாலையின் ஒரு பாதி நெடுகிலும் உழவர் காயவிட்ட மக்காச்சோளம் இளவெயிலில் பொன்விரிப்பாய்க் கிடக்க, அவ்விரிப்புக்கு எல்லையாய் வரிசையாகக் கற்கள் வைத்திருக்க, எஞ்சிய பாதியின் நடுவே, சுண்ணாம்புக்கல் ஏற்றிய அவ்வண்டியின் முகப்புக்கு ஒரு முழத் தொலைவில் நின்றிருந்தாள் பள்ளி ஆசிரியை ஜெயராணி. அவள் பிறவியிலேயே பார்வையற்றவள்.

"கண்ணு தெரியலயா?" என்று ஓட்டுநன் இரைந்தான்.

"அவங்களுக்குத் தெரியாதுதான். ஒனக்குத் தெரியுதுல்ல, நீ பாத்து ஓட்டு" என்றாள், சோளம் கிளறிக்கொண்டிருந்த காத்தாயி.

பின்னால் ஓடிவந்தவன் அறிவரசன். நூல் நயம் அறிந்தோரே, அவனைச் சற்றே உற்று நோக்குங்கள். பார்வையற்றோர் துணையின்றி நடப்பதற்கென ஓர் அரைக்கச்சையை வடிப்பதில் ஏழாண்டுகளைத் தேய்த்தவன். உறக்கம் இழந்த கண்களும், தளர்ந்த தோள்களும், எவர் கேட்டாலும் "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஒரே விடை சொல்லிச் சலித்த நாவும் உடையவன். இடப்பக்கம் தடையிருந்தால் அக்கச்சை இடப்பக்கம் அதிரும். அணிந்தவர் வலப்பக்கம் விலகுவார். அவ்வதிர்வு அணிந்தவரின் இடை மட்டுமே அறிவது. அருகில் நடப்பவரும் உணரார். முன்னர் அணிந்து பார்த்த இருவர் குறைகூறிக் கழற்றித் தந்துவிட, மூன்றாமவளான ஜெயராணி பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை நாற்பது நாள் கீறலின்றி நடந்து, நாள்தோறும் தொலைபேசியில் "நல்லா இருக்குங்க" என்றாள். அவ்வொரு சொல்லை நம்பியே, அக்கச்சை நாளை முப்பது பேருக்கு வழங்கப்பட இருந்தது. இன்று நடக்கும் இறுதிச் சோதனைக்குப்பின் அவன் ஒப்பமிட வேண்டியதே எஞ்சியிருந்தது.

சாலையோர மதகில் அவளை அமர்த்தித் தண்ணீர் கொடுத்தான். நிகழ்ந்தது அவனுக்குப் புரியாமலில்லை. இன்னும் பரப்பாமல் இடுப்பளவு உயரத்தில் மூடிவைத்த சோளக் குவியல்களைத் தடையென்று கொண்ட கச்சை, கல்வரிசையைத் தாண்டி, வெறுமையாய்க் கிடந்த பாதிக்கு அவளைத் திருப்பிவிட்டது. அவன் அதைத் தன் கல்லூரியின் நீண்ட தாழ்வாரங்களில் பழக்கியிருந்தான்; அங்கே வெற்றிடமே நல்வழி. இச்சாலையிலோ வெற்றிடம் வண்டிகளுக்கு உரியது.

காத்தாயி அருகே வந்து, நாள்தோறும் கல்லைக் காலால் தடவியபடி சோளத்தோரமாகவே வரும் டீச்சரம்மா இன்று மட்டும் ஏன் அந்தப் பக்கம் போனார் என்று வியந்தாள். அறிவரசன் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்பது நாளில் ஒரு நாள் பிழை, எந்தக் கருவிக்கும் நேர்வதே என்று தன்னையே தேற்றியவாறு, பையிலிருந்து ஒப்புதல் தாளை எடுத்து முழங்கால்மேல் விரித்தான். மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க அவனிடம் வலுவில்லை. தூக்கிய சுமையை எங்கேனும் இறக்கிவிட்டால் போதும் என்றிருந்தது அவன் உள்ளம்.

தாள் விரியும் ஓசை ஜெயராணிக்குக் கேட்டது. அந்த முப்பது பேருள் மீன்சுருட்டி என்னும் ஊரின் மாயவனும் ஒருவன் என்பதும், அவன் வீட்டுவாயிலே நெடுஞ்சாலைதான் என்பதும் அவள் அறிந்தவையே. அவள் கச்சையை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"பேனாவத்தான் தேடுறேன் டீச்சர்."

"போடாதீங்க. ஒங்க கொரல்ல இருந்த அசதியக் கேட்டுட்டு நல்லா இல்லேன்னு சொல்ல மனசு வரல. நாப்பது நாளும் இத நிறுத்தி வெச்சிட்டுத்தான் நடந்தேன், இன்னைக்குத்தான் நீங்களே சுவிட்சப் போட்டு வுட்டுட்டீங்க."