மப்ளர் கட்டிய அலாரம்

கோத்தகிரியில் வாடகை வீட்டு அலாரம் கத்த வேண்டிய நேரத்தில் கத்தாவிட்டால் அதை வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள். அதனால்தான் அன்று காலையிலிருந்து அமலோற்பவம் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். விசாரிக்க வாடகை வீட்டு ஆய்வாளர் வருகிறார். அவளோ ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். நடந்ததை முன்பின்னாகச் சொல்லித் தொலைத்தால் பழி அலாரத்தின் தலையில் விழும். அவள் மகளின் உயிரைக் காப்பாற்றியதே அதுதான்.

"பயப்படாதீங்கம்மா. முதல்லேருந்து சொல்லுங்க," என்றது சுவர் ஆணியில் உட்கார்ந்திருந்த அலாரம்.

ஆய்வாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முதலிலிருந்தே சொன்னாள்.

வீட்டுக்காரர் பெள்ளி, சாவியைத் தருவதற்கு முன்பே அலாரத்தைக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் ஏற்றினார். கரி எரிந்தால் வரும் விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, இது ஒன்றுக்குத்தான் அது தெரியும் என்றார். "மாசம் ஒருதடவை வயித்துல அமுக்கிப் பாருங்கம்மா. கத்தணும். கூச்சப்படாதீங்க."

ஆடி மாதச் சாரலில் அலாரம் நடுங்கியது. பல் தந்தியடிக்கும் சத்தம் சமையலறைவரை கேட்டது. அமலோற்பவத்துக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஊரில் குளிர்கிறவர் யாராக இருந்தாலும் கம்பளி பின்னிக் கொடுத்துவிடுவார்கள். அவளும் நீல நூலில் ஒரு மப்ளர் பின்னி, வாயையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். மறுநாள் வயிற்றில் அமுக்கிப் பார்த்தாள். "ம்ம்," என்றது. இதமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகள் ஜெனிபா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். முடி காயட்டும் என்று அமலோற்பவம் கரியடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, சன்னலை இறுக்கிச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மகள் தலை வலிக்கிறது என்று படுத்தாள். இவளுக்கும் கிறுகிறுவென்று வந்தது. பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

அதற்குமேல் நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அலாரம் கத்தியிருக்கிறது. "ம்ம்ம்" என்றுதான் வந்திருக்கிறது. இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டு ஆணியிலிருந்து இறங்கி, கதவிடுக்கில் ஒருக்களித்து வெளியேறி, மப்ளர் சேற்றில் இழுபடப் பக்கத்து வீட்டுக்கு நடந்தது. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெள்ளியின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் எச்சில் கையோடு முடிச்சை அவிழ்த்தார். அப்புறம் அது கத்திய கத்தலில் எதிர்மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பு நின்றுபோனது.

பெள்ளி ஓடிவந்து இருவரையும் வாசலுக்கு இழுத்துப் போட்டார். முகத்தில் மழை விழுந்ததும் ஜெனிபா கண் திறந்தாள்.

"அலாரத்துக்கு வாயைக் கட்டிட்டீங்களேம்மா," என்றார் பெள்ளி.

"குளிருதேன்னுதாண்ணா..."

"அதை எனக்குக் கட்டியிருக்கலாம். எங்க வீட்டம்மா சந்தோஷப்பட்டிருப்பா."

இவ்வளவையும் சொல்லி முடித்து அமலோற்பவம் மூச்சு வாங்கினாள். "வாயைக் கட்டினது நான் சார். அது மேல ஒரு தப்பும் இல்லை."

ஆய்வாளர் அலாரத்தின் பக்கம் திரும்பினார். "எடத்தை விட்டுப் போனியே, சொல்லிட்டுப் போனியா?"

"வாய் கட்டியிருந்துச்சுங்க."

"அதுவும் சரிதான்," என்று எழுதிக்கொண்டார். அலாரத்தின் வேலை தப்பியது. அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலாரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அது கூச்சத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

"இப்ப என்ன ஏற்பாடு செஞ்சிருக்கீங்க?" என்று ஆய்வாளர் அவளைக் கேட்டார்.

அவள் காட்டினாள். கரியடுப்பு வெளியே கொட்டகைக்குப் போய்விட்டது. இனி அது வாசற்படி தாண்டாது. அலாரத்தின் வாய் திறந்திருந்தது. சன்னலை ஒரு சாண் திறந்தே வைத்திருந்தாள். அதன் வழியாகத் தினமும் மத்தியானம் ஒரு மேகம் வந்து கட்டிலோரம் படுத்துக்கொள்ளும். அன்றும் படுத்திருந்தது. குளிருமே என்று நீல மப்ளரை அதன்மேல் போர்த்தியிருந்தாள், முகத்தை மூடாமல்.

ஆய்வாளர் வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் இரண்டு என்பதை அடித்து மூன்று என்று எழுதினார். மேகத்தை எழுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.