கதிரையோடு வந்தவள்

கல்முனையில் வெளிநாட்டுக் கம்பெனியின் சேவை நிலையம் திறந்த அன்று, தலைமைக் காரியாலயத்திலிருந்து கப்பலில் வந்த நாற்பது கதிரைகளில் பதினேழாவதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். கதிரைக்கு வரி போட்ட சுங்கத்தார் ஆளுக்குப் போடவில்லை. பட்டியலில் ஆள் இல்லையாம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கம்பளிச் சட்டை, கழுத்தில் மார்கிட் என்ற பெயர் அட்டை. ஆறு நாட்டுக் கிளைகளின் சம்பளத்தையும் லீவையும் அங்கே இருபத்தாறு வருடம் பார்த்தவள். அந்த வேலையைத்தான் கம்பெனி மலிவாக இங்கே கொண்டுவந்திருந்தது. பாவம், அவளுக்கு எழும்பிப் போக வேறு இடம் இருக்கவில்லை.

பதினேழாம் கதிரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நபீலாவுக்கு விழுந்தது. மகள் றுஸ்தாவைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டுக் குவைத்தில் இரண்டு வருடம் வீட்டுவேலை செய்தவள். திரும்பி வந்த நாளில் பிள்ளை அவளைக் கண்டு பயந்து அழுதது. இந்த வேலையும் போனால் மறுபடி குவைத்துத்தான். ஆனாலும் அவள் மார்கிட்டை எழுப்பவில்லை. மூன்று கிழமை நின்றபடியே, அவளுடைய தோளுக்கு மேலால் கை நீட்டிக் கணினியில் தட்டினாள். கால் வீங்கியது, வேலை பிந்தியது. மேலாளர் ஜுனைட் கெட்டவரல்ல, அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கதிரையில இருங்க தங்கச்சி, இல்லாட்டி அடுத்த ஆளக் கூப்பிடச் சொல்றாங்க. அவவப் புடிச்சித் தள்ளிட்டு இருங்களன்.”

“அது அவங்கட ஹக்கு, அவங்கட உரிமை சேர். அவங்க பொருந்தாம நான் எப்பிடி இரிக்கிற?”

வெள்ளி காலை, ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்களே, அப்படியே நபீலா மார்கிட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அக்காவை அழைப்பதுபோல் அழைத்தாள். “ராத்தா, ஒங்கட வேலையத்தான் நான் செய்றன். நான் பறிக்கல்ல, தந்தாங்க. பொறுத்துக்கங்க, இந்த வேலைய எனக்கு ஹலாலாக்கித் தாங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். மார்கிட்டுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் எழும்பினாள். கதிரையைக் கையால் துடைத்து நபீலாவை இருத்தினாள். பிறகு, திரையில் மாதாமாதம் கணக்குப் பிழைக்கும் ஓர் இடத்தை விரலால் காட்டினாள்.

பின்னேரம் நபீலா பஸ் ஏறியபோது அவளும் கூடவே ஏறினாள். இரண்டு பேருக்கும் டிக்கட் எடுத்தது நபீலா.

மூன்று வருடம் கழித்து, வீட்டிலுள்ளோர் விபரம் எடுக்கக் கிராம சேவகர் வந்தார். றுஸ்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மார்கிட்டைப் பார்த்து, “இவ ஆரு?” என்றார்.

“எனக்கு முந்தி என்ட வேலையச் செஞ்ச ஆள்” என்றாள் நபீலா.

அவர் உறவு என்ற கட்டத்தில் மூத்த சகோதரி என்று எழுதினார். தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.