அரைப் பேரா, முழுப் பேரா

கடைக்காரர் சபாபதிக்கு ஐயாசாமி தர வேண்டியது பதினெட்டு வெள்ளி அறுபத்தைந்து காசு. தொப்பி பன்னிரண்டு, பதின்மூன்று வெள்ளி இருபது காசு. கழுத்துத் துணி ஒன்பது கெஜம், மூன்று வெள்ளி பதினைந்து. கயிறு ஒன்றரை வெள்ளி. விசில் ஒன்று, எண்பது காசு. இதில் ஒரு காசு கூட ஐயாசாமி தின்றதும் இல்லை, உடுத்தினதும் இல்லை. விசிலை மட்டும் ஊதியிருக்கிறார்.

கோத்தா திங்கிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அப்போது பால் வெட்டுக்கு நாள் கூலி நாற்பது காசு. நாற்பத்தாறு நாள் ஒரு நாளும் தவறாமல் வெட்டி, அத்தனை நாளும் வீட்டில் உலை வைக்காமல் இருந்தாலும் இன்னும் இருபத்தைந்து காசு துண்டு விழும். அதனால் சபாபதி ஈடு கேட்டார். ஐயாசாமி வெள்ளாட்டை ஈடு சொன்னார். செல்லம் என்று பெயர், நிறைமாதச் சினை. ஆடு அவருடையதல்ல, மனைவி கருப்பாயியுடையது. அடகு வைத்த சங்கதி கருப்பாயிக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது.

கெடு, வருகிற ஞாயிறு பொழுது சாய்வதற்குள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஜொகூர் பாருவிலிருந்து சாரணர் படையைப் பார்வையிட கமிஷனர் துவான் வருவதாக இருந்தார்.

படையை ஆரம்பித்தவர் ஐயாசாமி அல்ல. பள்ளிக்கூட வாத்தியார் ராஜசேகரன் ஆசையாக ஆரம்பித்தார். மூன்றே மாதத்தில் அவரைக் கெலாங் பாத்தா பக்கம் மாற்றிவிட்டார்கள். கையில் ஒரு கொடி, ஒரு சட்டப் புத்தகம், பன்னிரண்டு பையன்கள். யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்று தோட்டத்தைச் சுற்றி வந்தார். கிராணி மனோகரன், கணக்குப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்க நேரமில்லை என்றார். மருந்துக்காரர், காய்ச்சல்காரர்களை யார் பார்ப்பது என்று கேட்டார். கங்காணிக்கு உடனே முழங்கால் வலி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஐயாசாமி பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலை ஓட்டி ஓட்டி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகு ராத்திரிப் பள்ளியில் கற்ற எழுத்து. கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

"படிக்கத் தெரியுதுல்ல, போதும்" என்றார் வாத்தியார். மறுநாள் லாரி ஏறிவிட்டார்.

விடியுமுன் எழுந்து, முந்நூற்றைம்பது மரம் வெட்டி, பால் தூக்கி ஸ்டோரில் கொட்டி, பகல் சோறு தின்று நிமிரும்போது மணி மூன்றாகிவிடும். நாலு மணிக்குப் படை. முதல் வாரமே கொடி வணக்கம் வைக்கச் சொல்லிவிட்டு ஐயாசாமி நின்றபடியே தூங்கிப்போனார். கையை இறக்கச் சொல்ல ஆள் இல்லை. பன்னிரண்டு பையன்களும் நெற்றியில் வைத்த கையோடு நின்றார்கள். கை கடுத்து ஒருவன் அழுத சத்தத்தில்தான் அவர் விழித்தார். முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் துணிக்கொடியில் காய்ந்த சேலைகள் எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சாகிக் கிடந்தன. தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"எம்பையன் சாயங்காலம் புல்லறுக்கப் போவான். இப்ப ஒங்க விசிலுக்குப் போறான். மாட்டுக்கு விசிலையா போடச் சொல்றீங்க?" என்றாள் தனலெட்சுமி.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, தினம் ஒரு நற்செயல். சாரணன் நாளைக்கு ஒருவருக்காவது கூலி வாங்காமல் ஒரு நன்மை செய்ய வேண்டும். செய்ததைத் தலைவர் புத்தகத்தில் எழுத வேண்டும். கமிஷனர் வரும்போது வாசித்துக் காட்ட வேண்டும். லயத்தில் இருபத்தேழு வீடு. முதல் வாரத்திலேயே நன்மை தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது தனியாக இருக்கும் அங்கம்மா கிழவி ஒருத்திதான். அவள் வீட்டு வாசலில் ஆறு பையன்கள் முறை போட்டுச் சண்டை பிடித்தார்கள். ஒருவன் விறகு பிளக்கிறேன் என்று ஆரம்பித்து, விறகு தீர்ந்ததும் உலக்கையைப் பிளந்து அடுக்கி வைத்துவிட்டுப் போனான்.

"ஐயாசாமி, நான் செத்த பொறவு ஒம்பசங்கள அனுப்பு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் விடாத" என்றாள் அங்கம்மா.

ஐயாசாமிக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றே ஒன்று, தோட்டத்துப் பெரட்டு. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இந்த நிரை என்று பிரித்து விடுவார்கள். முழு நாள் வேலைக்கு முழுப் பேர். பாதியில் மழை வந்தால் அரைப் பேர். அதையே படைக்கும் வைத்தார். ஆளுக்கு மூன்று வீடு நிரை. தண்ணீர் தூக்கினால் அரைப் பேர், விறகு பிளந்தால் முழுப் பேர், உலக்கையைப் பிளந்தால் பேர் இல்லை. பையன்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் அப்பன்மார் அப்படித்தானே வாழ்ந்தார்கள்.

வீடு எட்டாத மூன்று பேரை ஐயாசாமி, சபாபதி கடைக்கு அனுப்பினார். சபாபதிக்கு வாயெல்லாம் பல். "கடனுக்கு நான் வட்டி கேக்கல. இத வட்டின்னு வச்சுக்குவோம்" என்று சொல்லி அவர்களை மூட்டை தூக்கவும், எண்ணெய் டின் சுரண்டவும், எலி பிடிக்கவும் விட்டார். மூவரில் சின்னவன் அய்யாவு. பத்து வயது. மூட்டை தூக்க வலுவில்லாததால் துடைக்கிற வேலை.

"மங்கு துடைக்கிற மாதிரி துடைக்கணும்டா" என்று ஐயாசாமி அவனுக்குச் சொல்லியிருந்தார். மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தை உள்ளே மட்டும் வழித்துவிட்டு வருகிறவனை அவருக்குப் பிடிக்காது. "அடியிலயும் கை வச்சுப் பாரு. அழுக்கு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்."

வெள்ளிக்கிழமை சபாபதி சரக்கு எடுக்கக் கோத்தா திங்கி போயிருந்தார். சாயங்காலம் அய்யாவு ஒரு இலையில் எதையோ வைத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இதுக்கு அரைப் பேரா, முழுப் பேரா?"

"என்னடா அது?"

"புளி. கடைத் தராசுல சாமான் போடுற தட்டுக்கு அடியில ஒட்டியிருந்துச்சு. காஞ்சு கல்லு மாதிரி கெடந்துச்சு மாமா. ஆணிய வச்சுச் சுரண்டுனேன். நகம் பேந்துபோச்சு, பாருங்க."

ஐயாசாமி நகத்தைப் பார்த்தார். "முழுப் பேர்தான்" என்றார். புத்தகத்தை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'அய்யாவு. சபாபதி கடைத் தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளி உருண்டையைச் சுரண்டி எடுத்தான். முழுப் பேர்.' இருபது மரம் வெட்டும் நேரம் பிடித்தது. எழுதுவதும் எழுதியதை விளங்கிக்கொள்வதும் அவருக்கு இரண்டு தனி வேலை; ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போக முடியும். மை காய்ந்த பிறகுதான் விஷயம் தலைக்குள் இறங்கியது. சாதிக்காய் அளவு இருந்த அந்தப் புளியை எடுத்துக் கையில் எடை பார்த்தார். சபாபதி ஒருநாளும் காலித் தட்டைத் தொங்கவிட்டதில்லை என்பதும், எடைக்கல் ஒன்று எப்போதும் எதிர்த்தட்டில் கிடக்கும் என்பதும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை மத்தியானம் சபாபதி தற்செயலாகக் கல்லை எடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய தராசு நேராக நின்றது. அதைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. அய்யாவுவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் நெஞ்சை நிமிர்த்தி, புத்தகத்தில் ஏறிவிட்டதையும் முழுப் பேர் கிடைத்ததையும் சொன்னான்.

கருப்பாயி தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சபாபதி வந்து சேர்ந்தார்.

"புத்தகமெல்லாம் நல்லா எழுதுறியாமே, ஐயாசாமி."

"ஏதோ, கோழி கிளறுன மாதிரி எழுதுறேன் முதலாளி."

"நாளைக்குத் துவான் முன்னால வாசிக்கப் போறியாக்கும். அதுல ஒரு ஏடு கிழிஞ்சுபோச்சுன்னா என்ன ஆயிரும்?"

"பின்பக்கம் மூணு பசங்க செஞ்ச வேல இருக்கு."

"சரி, ஏடு வேணாம். ஒரே ஒரு வரி. நீ அந்த வரிய அடி, நான் ஒங்கணக்க அடிக்கிறேன். ஆடு ஒன்னோடது. வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

ஐயாசாமி ஆட்டைப் பார்த்தார். செல்லம் அதற்குள் ஒரு பழத்தைத் தோலோடு தின்றுகொண்டிருந்தது. ஒரு வரிதான். ஒரு கோடு இழுக்க எழுத்துக் கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாலு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ரெண்டு தடவ பேரு அடிச்சிருக்காங்க முதலாளி. வேலய முழுசா முடிச்ச பொறவு. அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. சம்பளத்தன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பையன் நகம் பேந்துபோகச் சுரண்டியிருக்கான். போட்ட பேர நான் அடிக்க மாட்டேன்."

சபாபதி வாழைச் சீப்பை ஆட்டிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "அப்ப நாளைக்குச் சாயங்காலம் கயித்தோட வாறேன்."

"கயிறு இங்கயே இருக்கு. ஒங்க கடையில வாங்குனதுதான்" என்றார் ஐயாசாமி. செல்லம் இல்லாத வீட்டில் கருப்பாயியோடு எப்படிக் குடியிருப்பது என்ற யோசனை விடியும்வரை ஓடியது.

ஞாயிறு காலை கமிஷனர் துவான் காரில் வந்து இறங்கினார். சிரித்த முகமுள்ள மலாய்க்காரர். பன்னிரண்டு பையன்களும் வரிசையாக நின்றார்கள். தொப்பிகள் எல்லாம் ஒரே அளவில் வந்தவை. சின்னவர்களுக்கு மூக்குவரை இறங்கியதால் அவர்கள் வணக்கம் வைத்தது துவானுக்கா காருக்கா என்று தெரியவில்லை. லயமே திரண்டிருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சபாபதி உட்கார்ந்திருந்தார்.

ஐயாசாமி புத்தகத்தைப் பிரித்தார். கிராணி மனோகரன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் மலாயில் சொன்னார். தண்ணீர் தூக்கினான், விறகு பிளந்தான், பிள்ளை பார்த்துக்கொண்டான். துவான் தலையாட்டினார். அந்த வரி வந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று ஐயாசாமிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் விரல் வைத்துப் படித்தால்தான் அவருக்குப் படிக்க வரும். விரல் தாண்டாது.

"அய்யாவு" என்றார். மூச்சு விட்டார். "ச-பா-ப-தி க-டை..." சபாபதி நாற்காலியில் நெளிந்தார். "த-ரா-சுத் தட்-டின்..." விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. "அ-டி-யில்..." பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "ஒட்-டி-யி-ருந்த..." இந்த இடத்தில் ஏடு திருப்ப வேண்டியிருந்தது. ஐயாசாமி விரலை நனைத்துத் திருப்பினார். "பு-ளி."

கிராணி மனோகரனும் சபாபதி கடையில் பற்று வைத்திருப்பவர்தான். அவர் ஒரு நொடி யோசித்து, பையன் கடைத் தராசைச் சுத்தமாக்கினான் என்று மட்டும் மலாயில் சொன்னார்.

"பாகூஸ்" என்றார் துவான். பிரமாதம் என்று அர்த்தம். கடைக்காரர் யார் என்று கேட்டு, எழுந்து வந்து சபாபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையன்களுக்குச் சேவை செய்ய இடம் கொடுக்கிற இப்படி ஒரு மனிதர் தோட்டத்துக்குத் தோட்டம் வேண்டும் என்றார். கூட்டம் கை தட்டியது. இவ்வளவு பலமாக அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்பு யாரும் கை தட்டியதில்லை. சபாபதி மட்டும் தட்டவில்லை.

கார் தூசி அடங்குமுன் பெண்கள் கடைக்கு முன்னால் நின்றார்கள். கருப்பாயி முதலில். அய்யாவு இலையோடு வந்தான். புளி உருண்டையைத் தராசில் வைத்தார்கள். சரியாக ஒரு தாயில் எடை. பதினாறு தாயில் சேர்ந்தது ஒரு கட்டி, அந்த ஊர் நிறுவை.

"வாரத்துக்கு ஆறு சாமான் நிறுக்கிறோம்" என்று கருப்பாயி விரல் கணுவைத் தொட்டாள். எழுத்துத் தெரியாது, கணக்குத் தப்பாது. "பருப்பு, வெங்காயம், கருவாடு, மொளகா, சீனி, புளி."

"புளிக்குமா?" என்றாள் தனலெட்சுமி.

"புளிக்குத்தான் மொதல்ல. ஆறு நிறுவைக்கு ஆறு தாயில் கொறவு. எப்பிடிப் போட்டாலும் மூணு காசு. வருசத்துக்கு ஒரு வெள்ளி அம்பத்தாறு காசு, ஒரு வீட்டுக்கு."

"ஒம்புருசன் எனக்கு எம்புட்டுத் தரணும்னு தெரியுமா ஒனக்கு?" என்று சபாபதி எழுந்தார். "பதினெட்டு வெள்ளி அறுபத்தஞ்சு காசு. இந்தத் தொப்பிக்கெல்லாம். அதுக்கு ஒன் ஆட்ட அடகு வச்சிருக்கான். தெரியுமா?"

கருப்பாயி மெதுவாகத் திரும்பினாள். ஐயாசாமி ஒரு தடவை மூன்றாம் நம்பர்க் காட்டில் புலியை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அந்தப் புலி கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தது என்று இப்போது பட்டது.

"அத வீட்டுல பேசிக்குவோம்" என்றாள் அவரிடம். பிறகு கடைப் பக்கம் திரும்பினாள். "தொப்பி போட்டிருக்கிறது பன்னெண்டு வீட்டுப் புள்ளைங்க. பன்னெண்டு வீட்டுக்கு ஒரு வருசக் கணக்கு, பதினெட்டு வெள்ளி எழுபத்திரண்டு காசு. தொப்பிக் கடன் போக எங்களுக்கு நீங்க ஏழு காசு தரணும். இது ஒரு வருசத்துக்குத்தான். கடை தெறந்து ஒம்போது வருசமாச்சு. மத்த எட்டையும் இப்பவே ஒக்காந்து பாத்துருவோமா, முதலாளி?"

பின்னால் தொப்பி இல்லாத வீட்டுப் பெண்களும் கணுவைத் தொட ஆரம்பித்திருந்தார்கள். சபாபதி அவசரமாகப் பற்றுப் புத்தகத்தை எடுத்தார்.

"இனிமே ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால காலித் தட்ட தொங்கவிட்டுக் காட்டணும்" என்றாள் அங்கம்மா. "எல்லா வீட்டுக்கும். எனக்கு ஒரு ஒலக்கையும் வேணும்." உலக்கைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லக்கூட சபாபதிக்குத் தெம்பில்லை. தலையாட்டினார்.

ஏழு காசுக்குக் கருப்பாயி புளி வாங்கினாள். நிறுக்கும்போது அய்யாவு குனிந்து தட்டின் அடியில் விரல் ஓட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல மாமா. இதுக்கு அரைப் பேரா, முழுப் பேரா?"

"ஞாயித்துக்கிழம பெரட்டு இல்லடா" என்றார் ஐயாசாமி.

சபாபதி கணக்கில் குறுக்கே கோடு இழுத்து, கீழே ஏதோ எழுதி, புத்தகத்தை மூடப் போனார். ஐயாசாமி கை வைத்துத் தடுத்தார். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை முதல் எழுத்தில் வைத்தார்.

"ஐ-யா-சா-மி" என்று ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. "ப-தி-னெட்-டு வெள்-ளி... அ-று-பத்-தைந்-து கா-சு..." மூச்சு விட்டார். "தீர்ந்-தது."