இன்னும் டிஸ்கில் இறங்காதவை

"வேகமா ஓடுதுன்னு நீ பீத்திக்கிட்டதெல்லாம் இந்தத் திருட்டுத்தனத்தாலயாடா?"

அத்தான் விட்ட அறையில் மச்சான் சர்வர் அலமாரியில் மோதிச் சரிந்தான். ஒரு ஆஸ்பத்திரியின் விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்கள், அத்தனையும் அதிலிருந்த ஒரே சர்வர் பெட்டிக்குள்தான் ஓடின. இழுவையாக இருக்கிறது என்று புகார் வந்ததும் மச்சான் செய்த வைத்தியம் இது: வருவதையெல்லாம் பெட்டி மெமரியிலேயே தேக்கிக்கொண்டு, டிஸ்கில் எழுதியாச்சு என்று சொல்லிவிடும். பிறகு ஆற அமர எழுதும்.

சங்கதி அத்தானுக்கு இன்றுதான் தெரிந்தது.

"கரண்ட் போனா காலையிலேர்ந்து வந்த ரிப்போர்ட் பூராவும் காலி! ஆஸ்பத்திரிக்காரன் என் தோலை உரிச்சிடுவான்டா!"

"தப்புதான் அத்தான். எல்லாத்தையும் இப்பவே டிஸ்கில இறக்கச் சொல்லிட்டேன். கொஞ்சம் பொறுங்க, இறங்கிட்டிருக்கு..."

காதில் வாங்கினால்தானே! அந்தப் புளுகுப் பெட்டி இனி ஒரு எழுத்தைக்கூட வாங்கக் கூடாது என்று அத்தான் ப்ளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். மச்சான் விழுந்தடித்துப் போய் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான்.

"களவாணிப் பயலே, இன்னும் மூடி மறைக்கப் பாக்கறியா?"

விலாவில் உதைத்தார். அவன் விடவில்லை. பூட்ஸ் காலால் விரல்களை நசுக்கினார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பிடி தளர்ந்ததும் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

பெட்டியின் விசிறிகள் முனகி அடங்கின.

மச்சான் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"இங்க கரண்ட் ஒரு நாளும் போனதில்ல அத்தான்," என்றான். "இன்னிக்குத்தான் போயிருக்கு."