கை கழுவும் இடம்

தொட்டியின் கறுப்பு வயிற்றில் கானினி உள்ளங்கையை வைத்தாள். சூடு. கையை மெல்ல இறக்கிக்கொண்டே போனாள். இடுப்பு உயரத்தைத் தாண்டியும் சூடுதான். முழங்காலுக்குச் சற்று மேலே வந்தபோதுதான் பிளாஸ்டிக் குளிர்ந்தது. தண்ணீர் அதுவரைதான் இருந்தது. ஏப்ரலில் தகரக் கூரையில் பெய்த மழை அது. நவம்பரில் அடுத்த மழை வரும்வரை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கீரைப் பாத்திகளுக்கு அதை விட்டால் வேறில்லை. சோளம் கருகிப்போன வருடம். பிள்ளைகளின் தட்டில் களிக்குப் பக்கத்தில் வைக்க அந்தக் கீரை மட்டும்தான் இருந்தது.

"தொட்டிச் சாவியக் குடு" என்றான் அவள் கணவன் முசேம்பி. அவன் கண்கள் சிவந்திருந்தன. இன்று மதியம் அவனுடைய அண்ணன் கிலோன்சோவுக்கு அடக்கம். "ஊரே வருது. சமைக்கணும். அண்ணன் வீடு ஓலைக் கூரை, மழைத்தண்ணி பிடிக்க வழியில்ல. ஆத்து ஊத்தும் வத்திப்போச்சு. நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

சாவு வீட்டில் தண்ணீரை இல்லையென்று சொல்ல முடியாது. அதுவும் இந்தத் தண்ணீரை. கூரை விளிம்பில் தொங்கும் தகரக் கால்வாயை வளைத்து மாட்டியவனே கிலோன்சோதான். சமையலறை வாசலுக்கு மேலே ஒரு இணைப்பு மட்டும் ஒழுகும். ஒவ்வொரு மழைக்கும் அவள் அவனைத் திட்டுவாள். ஒவ்வொரு முறையும் அவன் சிரித்துக்கொண்டே, "அடுத்த மழைக்குள்ள சரி பண்றேன்" என்பான். கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது, தான் அழவேண்டியது அவனுக்காகவா, இந்தத் தண்ணீருக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று நாட்களாகத் தூக்கமில்லை. அழுகை எங்கோ ஆழத்தில் வறண்டு கிடந்தது.

குழியை மூடிவிட்டு ஆட்கள் சமையல் நடந்த கானினி வீட்டுக்குச் சாப்பிடத் திரும்பியபோது, வாசலில் வழக்கமாக வைக்கும் கை கழுவும் வாளியையும் தாம்பாளத்தையும் காணவில்லை. கானினி செம்போடு பாத்தி ஓரத்தில் நின்றிருந்தாள். "இங்க வாங்க, இங்க கழுவுங்க." கீரைக்கு ஆகாதென்று சோப்பையும் அவள் வெளியே வைக்கவில்லை.

முசேம்பி பல்லைக் கடித்தபடி அருகே வந்தான். "எழவுக்கு வந்தவங்களத் தோட்ட வேலை பாக்க வெக்கிறியா? அசிங்கமா இல்ல?"

"இருக்கு" என்றாள் அவள். செம்பைச் சாய்ப்பதை நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டு சியோமிட்டி வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னடி, இந்தப் பக்கம் நனைஞ்சிருச்சே. நான் அந்த வாடுன மூலைக்குப் போயிக் கழுவட்டுமா?" யாரோ சிரித்தார்கள். பிறகு துக்க வீடு என்பது நினைவுக்கு வந்ததுபோல் எல்லோரும் அடங்கினார்கள். ஆனால் சியோமிட்டி உண்மையாகவே அந்த மூலைக்குப் போய்க் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் பாத்தி நெடுகப் பிரிந்து நின்று குனிந்தார்கள். கல்லறை மண் ஒட்டிய கைகள். சிவந்த நீர் இலைகளின் தண்டோரம் இறங்கி மறைந்தது.

கடைசியாக கிலோன்சோவின் மனைவி வான்சா வந்தாள். கானினி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, நீங்க வாசல்லயே... நான் தாம்பாளம் கொண்டாரேன்."

"வேணாம்." வான்சா தலையசைத்தாள். "எனக்குச் சாப்பாடும் வேணாம். ஊத்து." கைகளை நீட்டினாள். பாத்தியைப் பார்த்தபடியே சொன்னாள். "இனிமே என் பிள்ளைங்களும் இதத்தானே தின்னணும்."

கானினிக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. வான்சாவுக்கு நான்கு பிள்ளைகள். பாத்தி அதே பாத்திதான். நவம்பர் இன்னும் அங்கேயே, தொலைவில்தான் இருந்தது. அவள் ஊற்றினாள். செம்பு காலியானதும் போய்க் குழாயைத் திறந்தாள். இழையாக வந்தது. நிறையும்வரை குந்தி உட்கார்ந்து, இன்னொரு கையால் தொட்டியின் பக்கவாட்டைத் தடவினாள். கணுக்கால் உயரத்தில்தான் குளிர்ச்சி இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது வான்சா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தன. ஆனாலும் அவற்றை நீட்டியபடியே, இரண்டடி நகர்ந்து, இன்னும் நனையாத செடிக்கு நேராகப் பிடித்திருந்தாள்.